ஓய்வு யாருக்கு?



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கிராமத்து முதியோர் சங்கக் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். "ஓய்வுக் காலத்தைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி" என்பது தலைப்பு. நானும் வாசிப்பு, வீட்டுத்தோட்டம், நடைப்பயிற்சி, சமூகத் தொண்டு என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தேன். கேள்வி உண்டா என்று கேட்டபோது, பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரி. ஆனால் ஓய்வு கிடைச்சது இவருக்குத்தான். எனக்குப் பள்ளிக்கூட வேலை மட்டும்தான் நின்டது. மற்ற வேலையொண்டும் நிக்கேல்லை" என்று பக்கத்தில் இருந்த கணவரைக் காட்டிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்த பின் அவருடன் தனியாகக் கதைத்தேன். கணவனும் மனைவியும் முப்பது வருடத்துக்கு மேல் கற்பித்தவர்கள். இருவருக்கும் பென்சன் வருகிறது. கணவர் காலையில் பத்திரிகை, மாலையில் வாசிகசாலை என்று இருக்கிறார். ரீச்சரோ காலைச் சமையல், கணவரின் பிறசர் குளிசை, மகனின் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருதல், பின்னேரம் அந்தப் பிள்ளைக்குப் பாடம் என்று ஓடுகிறார். கனடாவில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருக்கிறது. "அம்மா வந்து நிக்கவேணும்" என்று மகள் கேட்கிறாள். எவ்வளவு காலம் என்று மகளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பக்கத்து ஊர்ச் சிறுவர் இல்லத்தில் வாரத்தில் இரண்டு நாள் வாசிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ரீச்சரின் பல நாள் ஆசை. "அது நடக்கிற காரியமே பிள்ளை?" என்றார்.

அன்றிரவு, முன்பு வாசித்து மறந்திருந்த ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. உலகின் ஒரு மூலையில் அறுபது, எழுபது வயதுத் தம்பதிகள் வீட்டைப் பூட்டிவிட்டு, மாதக்கணக்கில் வேறு ஊருக்கு, வேறு நாட்டுக்குக்கூட, தொண்டு செய்யச் செல்கிறார்கள். அவர்களது சமயம் எமது சமயமல்ல. ஆனாலும் அவர்களது அன்றாட வாழ்க்கையை அறிந்து கொள்வது எமக்குப் பயன் தரும் என்பதால் இம்மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

யார் இந்தத் தம்பதிகள்?

"மிஷன்" என்றதும் எம்மவருக்கு உடனே நினைவுக்கு வருவது 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன். 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலையையும், 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த டொக்டர் கிறீனையும் அறியாதவர் யாழ்ப்பாணத்தில் குறைவு. அந்த மிஷனரிகள் இளம் வயதில் வந்தவர்கள். பலர் தமது வாழ்நாளின் பெரும் பகுதியை இங்கேயே கழித்தார்கள். சிலர் இங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

நான் சொல்ல வருவது வேறொரு வகை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது 1830இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. மோர்மன் சபை என்றே பலர் அறிவார்கள். 1847இல் அவர்கள் மேற்கே யூட்டா பிரதேசத்துக்குச் சென்று குடியேறினார்கள். அங்குள்ள சோல்ட் லேக் நகரமே இன்றும் அவர்களது தலைமையிடம். ஏனைய கிறிஸ்தவ சபைகள் பலவற்றுக்கும் இவர்களுக்கும் கோட்பாட்டில் பெரிய வேறுபாடுகள் உள்ளன. அந்த விவாதத்துக்குள் நான் செல்லவில்லை.

இச்சபையின் இளைஞர்கள் இரண்டு வருடமும் யுவதிகள் ஒன்றரை வருடமும் மிஷன் செல்வது பலருக்கும் தெரிந்த விடயம். வெள்ளைச் சேட்டும் ரையும் அணிந்து இருவர் இருவராகச் செல்லும் இளைஞர்களைச் சிலர் கண்டிருப்பீர்கள். அவ்வளவாகத் தெரியாதவர்கள் மூத்த தம்பதிகள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பிக்கிறார்கள். வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் அறிக்கை பெற வேண்டும். சபைப் பொறுப்பாளர்கள் நேரில் கண்டு பேசுவார்கள். எந்த வகை வேலை, எந்தப் பகுதி என்று தமது விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆயினும் எங்கே செல்வது என்ற முடிவு தலைமையிடத்திலிருந்தே வரும்.

காலம் 6 மாதம், 12 மாதம், 18 மாதம், 23 மாதம் என்று பிரிக்கப்பட்டுள்ளது. போகும்போதே திரும்பும் நாளும் தெரிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

பணம் யார் கொடுப்பது?

இது சம்பளம் இல்லாத வேலை. சம்பளம் இல்லை என்பது மட்டுமல்ல, செலவும் அவர்களுடையதே. வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம் தமது ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் போக வேண்டும். வாடகை அதிகமான நகரங்களுக்குச் செல்லப் பலர் தயங்கியதால், 2011இல் சபை ஓர் ஏற்பாடு செய்தது. தம்பதியின் வீட்டுச் செலவுக்கு மாதம் 1,400 அமெரிக்க டொலர் என்று உச்ச எல்லை வைத்து, அதற்கு மேற்பட்டதைச் சபை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களுக்கு அரசு வழங்கும் மெடிகெயார் மருத்துவக் காப்புறுதி, பொதுவாக நாட்டுக்கு வெளியே செல்லாது. ஆகவே வெளிநாடு செல்பவர்கள் வேறு காப்புறுதியும் எடுக்க வேண்டும். இப்படி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் கணவனும் மனைவியும் புறப்பட முடியும். வீட்டுக் கணக்கு முழுவதையும் இருவரும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் கட்டாயம் அங்கே ஏற்படுகிறது. எமது வீடுகளில் கணவரின் வங்கிப் புத்தகத்தில் எவ்வளவு உள்ளது என்று அறியாத மனைவியர் எத்தனை பேர்!

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

புறப்பட முன்னர் ஒரு குறுகிய பயிற்சி உண்டு. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் உள்ள பயிற்சி நிலையம் இதற்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து மார்பில் ஒரு சிறிய கறுப்புப் பெயர் அட்டையுடன் வெளியே வருகிறார்கள். கணவருக்கு "எல்டர்", மனைவிக்கு "சிஸ்டர்". அதன் பின் குடும்பப் பெயர். நேற்றுவரை அவர் வங்கி முகாமையாளராகவோ கமக்காரராகவோ இருந்திருக்கலாம். இனி அந்தப் பட்டம் எதுவும் இல்லை.

இளம் மிஷனரிகளுக்கு எழும்பும் நேரம், படுக்கும் நேரம் எல்லாம் விதிக்கப்பட்டவை. 2019 பெப்ரவரி வரை அவர்கள் நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கலாம். மூத்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. உடல் இடம் கொடுக்கும் அளவுக்கு வேலை செய்யலாம். பேரப்பிள்ளைகளுடன் விரும்பியபோது கதைக்கலாம். வீடு வீடாகச் சென்று கதவு தட்டிப் போதிப்பதும் இவர்களிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. மதமாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் எமது நாட்டில் எழும் சந்தேகம் நியாயமானதே. இவர்களும் தமது சபைக்காகவே செல்கிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இவர்களுடைய நாளாந்த வேலையில் பெரும் பகுதி, ஓர் அலுவலகத்திலோ ஒரு பெரிய வீட்டிலோ நடக்கும் வேலை போன்றது.

மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்து பிரார்த்தனை செய்து, வேத வாசிப்பை முடித்துவிட்டு அலுவலகம் செல்கிறார்கள். ஒருவர் இளையவர்களின் விசா, கடிதங்கள், பற்றுச்சீட்டுகள் என்பவற்றைப் பார்க்கிறார். மற்றவர் அவர்கள் தங்கும் வாடகை வீடுகளைக் கவனிக்கிறார். ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும். இன்னொரு வீட்டுக்கு மெத்தை வேண்டும். வாகனத்துக்குப் பழுது பார்க்க வேண்டும். இடையிடையே இளையவர்கள் தங்கும் அறைகளைச் சென்று பார்வையிட வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன்கள் மட்டும் இருக்கும் அறையின் குசினி எப்படி இருக்கும் என்று தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் என்றாலோ வீட்டு நினைவு வந்து அழுதாலோ அவர்கள் தேடுவதும் இந்த மூத்தவர்களைத்தான். ஓய்வுபெற்ற தாதியாக இருந்தால் அந்தப் பிரதேச இளையவர்களின் சுகநலத்தைக் கவனிக்கும் பொறுப்பே அவரிடம் வரலாம்.

வேறு சிலர் மனிதநேயப் பணிகளுக்குச் செல்கிறார்கள். குடிநீர்த் திட்டம், சக்கர நாற்காலி வழங்குதல், பிறந்தவுடன் மூச்சுவிடத் திணறும் குழந்தையைக் காப்பாற்றும் முறையை உள்ளூர்த் தாதியருக்கும் மருத்துவமாதுகளுக்கும் பயிற்றுவித்தல் என்பன அவற்றுள் சில. இங்கே முக்கியமாக வேண்டியது பொறுமை. நாற்காலியைக் கொடுத்துவிட்டு வருவது சுலபம். அது அந்தப் பிள்ளையின் உடலுக்குப் பொருந்துகிறதா, பழுதானால் யார் திருத்துவது என்று பார்ப்பதுதான் வேலை. இதை எமது நாட்டு நிவாரண வேலைகளிலும் நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

இன்னும் சிலர் பழைய பதிவேடுகளைப் பாதுகாக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். குடும்ப உறவு மரணத்துக்குப் பின்னும் தொடரும் என்பது இவர்களது நம்பிக்கை. அதனால் முன்னோரின் பெயர்களைத் தேடிச் சேகரிப்பதைச் சமயக் கடமையாகவே செய்கிறார்கள். 1938இல் பதிவேடுகளை மைக்ரோபிலிமில் பிடிக்கத் தொடங்கினார்கள். இருபத்து நான்கு இலட்சம் சுருள்கள் சேர்ந்தன. அவற்றை 2021இல் கணினி வடிவத்துக்கு மாற்றி முடித்தார்கள். சுவடிக் கூடம் ஒன்றில் அமர்ந்து, பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கும் வேலையில் மூத்த தம்பதிகளுக்கும் பங்குண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த எமக்கு அந்த வேலையின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

மாலையில் வீடு வந்தால் சிறிய வாடகை வீடு. சமையல், உடுப்புத் தோய்த்தல், பிறகு பிள்ளைகளுடன் காணொளி அழைப்பு. வாரத்தில் ஒரு நாளைச் சந்தைக்கும் சொந்த வேலைகளுக்கும் ஒதுக்கி வைப்பார்கள். ஞாயிறு ஆராதனை. ஒரு சிறிய செய்தி: இவர்கள் மதுபானம் மட்டுமல்ல, தேநீரும் கோப்பியும் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பத் தெரியாத எமது பெண்கள் இவர்களைக் கண்டால் திண்டாடித்தான் போவார்கள்.

கஷ்டம் இல்லையா?

நிறைய உண்டு. மகளுக்குப் பிரசவம் நடக்கும் நேரம் தாய் வேறொரு கண்டத்தில் இருப்பார். பேரனின் முதல் நடையைத் தொலைபேசித் திரையில்தான் பார்ப்பார். தொண்ணூறு வயதுத் தாயை விட்டுச் செல்பவர்கள், திரும்பி வரும்போது அவர் இருப்பாரோ என்ற பயத்துடன்தான் செல்கிறார்கள். முக்கியமான குடும்ப நிகழ்வுக்கு, பொறுப்பாளரின் அனுமதியுடன் சொந்தச் செலவில் சில நாட்கள் வந்து போகலாம். நோய் வந்தால் இடைநடுவில் வீடு திரும்ப வேண்டியிருக்கும். 2020இல் கொவிட் பரவியபோது வெளிநாடுகளில் இருந்த மிஷனரிகள் பெருந்தொகையாகத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

வெளியே சொல்லாத கஷ்டம் ஒன்றும் இருக்கிறது. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்தான். ஆனால் அந்த நாற்பது வருடமும் காலையில் அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். இப்போது ஒரே வீடு, ஒரே வாகனம், ஒரே அலுவலகம். இருபத்து நான்கு மணித்தியாலமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பாஷை தெரியாத ஊரில் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகவும் முடியாது! கதைத்துத் தீர்த்தே ஆகவேண்டும்.

பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால்

இதையெல்லாம் வாசித்து, அங்கே பெண்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அச்சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. மிஷனுக்குத் தலைமை தாங்கி முடிவெடுப்பவரும் ஆண்தான். பெயர் அட்டை குத்தியதால் மட்டும் கோப்பை கழுவும் வேலை இரண்டாகப் பிரிந்துவிடாது.

வசதியும் வேண்டும். ஓய்வூதியமும் சொந்த வீடும் காப்புறுதியும் இல்லாதவர்கள் இதை நினைத்தும் பார்க்க முடியாது. எமது நாட்டில் தோட்டத்தில் கொழுந்து பறித்தே முதுமையடைந்த தாய்க்கும், யுத்தத்தில் கணவனை இழந்து கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாய்க்கும் "ஓய்வு" என்ற சொல்லே அந்நியமானது. அவர்களுக்குத் தொண்டு செய்யச் சொல்லிப் புத்தி சொல்ல நான் வரவில்லை. அவர்களுக்கு உரிய உதவியைச் சமூகம்தான் செய்ய வேண்டும்.

இருந்தும் இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்த விடயம் ஒன்று உண்டு. அங்கே முதியவள் ஒருத்தி, "எனக்கு ஒரு வேலை இருக்கிறது, இந்த நாள் தொடங்கி இந்த நாள்வரை நான் அங்கே இருப்பேன்" என்று பிள்ளைகளிடம் சொல்ல முடிகிறது. பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அம்மா எங்களை வெறுத்துவிட்டாள் என்று எவரும் சொல்வதில்லை. ஏனெனில் அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு, சமூகத்தில் மதிப்பு உண்டு, கணவனும் கூட நிற்கிறார்.

எமது மரபிலும் இது இல்லாததல்ல. இல்லறக் கடமை முடிந்தபின் மனைவியோடு வனம் செல்லும் வானப்பிரஸ்தம் பற்றிப் படித்திருக்கிறோம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் ஆச்சிமாரையும், முதுமையில் ஹஜ் கடமைக்குச் செல்லும் முஸ்லிம் தம்பதிகளையும் நாம் மதிக்கிறோம். கோயிலுக்குப் போகிறேன் என்றால் அம்மாவை எவரும் தடுப்பதில்லை. சிறுவர் இல்லத்துக்குப் போகிறேன் என்றால்தான் "மத்தியானச் சமையல் என்ன செய்யிறது?" என்ற கேள்வி வருகிறது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னரே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். பணம் எவ்வளவு, வீட்டு வேலையை யார் யார் பார்ப்பது, ஒவ்வொருவருக்கும் என்ன ஆசை என்ற மூன்றையும் பேசுங்கள்.

இரண்டாவது, பேரப்பிள்ளையைப் பார்ப்பது அன்பினால் செய்வது. ஆனால் அதற்கும் நாளும் நேரமும் குறிக்கலாம். வெளிநாட்டுக்குப் பிள்ளையிடம் செல்பவர்கள் திரும்பும் திகதியையும் பேசிக்கொண்டே செல்லுங்கள். எல்லை குறித்த உதவி கசப்பில் முடிவது குறைவு.

மூன்றாவது, தொண்டு என்றால் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. வைத்தியசாலை, முன்பள்ளி, வாசிகசாலை, சிறுவர் இல்லம் என்று பக்கத்திலேயே இடம் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் உங்கள் கிராமத்து முதியோர் சங்கம் பற்றி அறியலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோரின் நலனும் உரிமையும் பற்றியது. வீட்டில் கவனிப்பாரின்றி இருக்கும் முதியோருக்கும் அதில் வழி இருக்கிறது.

நான்காவது, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. அம்மாவுக்கு அறுபது வயது ஆனதும் அவரது நேரம் முழுவதும் உங்களுடையதாகிவிடாது. கேட்டுப் பெறுங்கள்.

ரீச்சரை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். கனடாப் பயணம் உறுதியாகிவிட்டது. "ஆறு மாதம். போக முன்னமே வாற ரிக்கற்றும் போட்டாச்சு" என்றார். மகளுக்கு முதலில் மனவருத்தமாம். இரண்டு நாள் கதைக்கவில்லையாம். பின்னர் தானே அழைத்து, எந்த மாதம் வந்தால் அம்மாவுக்கு வசதி என்று கேட்டாளாம்.

"சிறுவர் இல்லம்?" என்று கேட்டேன்.

"செவ்வாயும் வியாழனும் போறன். அந்த ரண்டு நாளும் இவர்தான் சோறு வைக்கிறார். தண்ணி அளவு இன்னும் பிடிபடேல்லை. களியாத்தான் இருக்கு" என்றார். "சாப்பிடுறியளே?" என்றேன். "சாப்பிடாமல்? முப்பத்தெட்டு வருசம் என்ர கையால அவர் சாப்பிடேல்லையே!"

இம்முறை ரீச்சரும் சிரித்தார்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.